புற்றுக்கு ஊற்றிய பால்

கோமதியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபப்பட்டு என்ன செய்ய? அவள் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட குறையைக் கேட்ட பிறகு, மற்றவர்கள் சொல்வதெல்லாம் எனக்குத் தூசு.

மெல்பர்னில், கிளேட்டன் பக்கம், எங்கள் ஃப்ளாட்டுக்கு அடுத்த ஃப்ளாட் அவளுடையது. இந்தப் பக்கம் நான் தாளித்தால் அந்தப் பக்கம் அவள் தும்முவாள், சுவர் அந்த லட்சணம். எழுபத்து மூன்றின் கடைசியில் அவளும் புருஷன் பாலகிருஷ்ணனும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. பாலத்துக்கு அடியில் இருக்கிற களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பற்றியாம். மண்ணைப் பற்றி ஆராயப் பிளேன் ஏறி வர வேண்டுமா என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். நல்ல மனுஷன், சிரித்துவிட்டுப் போவார்.

கோமதி சங்கரன்கோவில்காரி. அம்மன் பெயரைத்தான் பெண்ணுக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். தலைவலி என்றாலும் அதுதான், சொறி சிரங்கு என்றாலும் அதுதான், பூச்சி கடித்தாலும் அதைத்தான் குழைத்துப் போடுவார்கள். கோமதியும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்து வந்தாள். மெல்பர்ன் ஏர்போர்ட்டில் சோதனைக்காரன் இது என்ன என்று கேட்டிருக்கிறான். மண் என்று சொல்லியிருந்தால் அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டிருப்பான். இவள் ‘மெடிசின்’ என்று சொல்லி வைத்தாள். பிறகு பெட்டி முழுவதையும் கவிழ்த்ததில் புளியும் வடகமும் அப்பளமும் குப்பைக்குப் போயின. ஊரில் பிரசாதம், இங்கே குப்பை என்று அவள் வெகுநாள் வருத்தப்பட்டாள்.

வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். ஃபேக்டரிக்காரன் வெட்டின துணியை மூட்டையாகக் கொண்டு வந்து போடுவான். இவள் சட்டைக்குக் காலர் வைத்துக் கொடுப்பாள். சுறுசுறுப்பு, சிக்கனம், கைமணம், எல்லாம் உண்டு. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் குழந்தை மட்டும் இல்லை. இங்கே வந்து டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று அவர் சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். குறை இருந்தாலாவது மருந்து கேட்கலாம், இல்லாத குறைக்கு யாரிடம் போய் எதைக் கேட்பது என்று என் வீட்டில் வந்து அழுதாள்.

ஊரில் ஜாதகம் பார்த்தவர் நாகதோஷம் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றினால் தோஷம் கழியும், கன்னி கழியாத சிறுபெண் கையால் ஊற்றினால் இன்னும் விசேஷம் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பினாள். மெல்பர்னில் அப்போது ஒரு கோவில் கிடையாது. கோவிலே இல்லாத ஊரில் புற்றுக்கு எங்கே போவது? பாலை நீயே குடி, உடம்பிலாவது ஒட்டும் என்று நான் சொன்னேன். எனக்கு நாக்கு அப்படி. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி நித்தியானந்தன், சந்திரவதனா வீடு. யாழ்ப்பாணத்துக்காரர்கள். சந்திரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் பெண் யோகாவுக்கு அப்போது நாலு வயது. சந்திராவுக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளெல்லாம் யோகா கோமதி வீட்டில்தான். ஆன்ட்டி என்பதை ‘அன்ரி’ என்று சொல்லி இவளைக் கூப்பிடும். தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை அடுக்கி விளையாடும். இவளிடம் ‘ஏளா, இங்க வா’ என்று பெண்களைக் கூப்பிடுகிற திருநெல்வேலிப் பேச்சு கற்றுக்கொண்டு போய் வீட்டில் அப்பாவை அப்படியே கூப்பிட்டதாம். நித்தி வயிறு குலுங்கச் சிரித்தார். கோமதி பெற்ற பிள்ளை மாதிரிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். இதை நான் கோர்ட்டில்கூடச் சொல்வேன்.

எழுபத்தைந்து ஜனவரியில் ஒரு நீண்ட வார விடுமுறை வந்தது. நித்தி பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று வாங்கியிருந்தார். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கூடாரம் கடன் கொடுத்தார். ஊருக்குக் கிழக்கே மலைப்பக்கமாக ஒரு ஸ்டேட் பார்க் இருக்கிறது, நல்ல நிழல், மிருகங்கள் பக்கத்திலேயே வரும் என்று அவர் ஆசை காட்டியிருக்கிறார். இரண்டு குடும்பமும் கிளம்பின. எங்களையும் கூப்பிட்டார்கள். மாதாமாதம் வாடகை கொடுத்துக் கட்டில் போட்டு வைத்திருக்கும்போது காட்டில் போய்த் தரையில் எதற்குப் படுக்க வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் வற்புறுத்தவில்லை. ஆகவே அங்கே நடந்த எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. பாதியைச் சந்திரா வந்தவுடனே சொன்னாள். மீதியைக் கோமதி பல மாதம் கழித்துச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். மெல்பர்னில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே சூரியன் இருப்பதே தெரியவில்லையாம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு மரங்கள், அவற்றுக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குடை விரித்த பெரணிச் செடிகள், மரப்பட்டை உரிந்து கிடக்கும் ஈரத் தரை. காது அடைக்கிற மாதிரி சில்வண்டுச் சத்தம். கூடாரத்துக்கு ஆணி அடித்து முடிப்பதற்குள் நித்தியின் காலில் இரண்டு அட்டை. கடிக்கிற ஈ ஒன்று துணிக்கு மேலேயே உட்கார்ந்து கடித்தது. கூக்கபுரா என்கிற பறவை ஒன்று மரத்திலிருந்து இறங்கி, பாலகிருஷ்ணன் வாய்க்குக் கொண்டு போன சாண்ட்விச்சைப் பறித்துக்கொண்டு போய்க் கிளையில் உட்கார்ந்து சிரித்தது. சின்னக் கங்காரு மாதிரி இருக்கும் வாலபி ஒன்று, வயிற்றுப் பையில் குட்டி தலையை நீட்டிக்கொண்டிருக்க, கோமதிக்கு எதிரில் வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சந்திரா சொன்னாள். நம் பெண்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் தெரியும்.

பார்க்கைக் காவல் பார்க்கிற ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். நெருப்பு மூட்டத் தடை, தின்பண்டத்தை வெளியே வைக்கக் கூடாது, மிருகங்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, யாரும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய மரத்தின் வேரை ஒட்டி இருந்த மண்மேட்டைக் கூட்டிப்போய்க் காட்டினார். பொடிக்கல்லும் மண்ணுமாக முழங்காலுக்குக் கீழ் உயரம். கறுப்பு உடம்பும் ஆரஞ்சுக் காலுமாக எறும்புகள். அவை நடப்பதில்லை, துள்ளிக் குதிக்கும். கொட்டினால் சிலருக்கு மூச்சே நின்றுவிடும், கிட்டே போகாதீர்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோமதிக்கும் புரிந்தது. ரேஞ்சர் போனதும் யோகாவுக்குச் சப்பாத்தை மாட்டி இறுக்கி முடிச்சுப் போட்டவளே அவள்தான். ஷூவைச் சந்திரா வீட்டில் சப்பாத்து என்பார்கள், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு கரும்பாம்பு வந்தது. பெரணிக்குள்ளிருந்து வெளியே வந்து, அந்த மண்மேட்டை ஒட்டியே ஊர்ந்து, மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. பாம்பென்றால் படையும் நடுங்கும். பாலகிருஷ்ணன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சந்திரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேசை மேல் ஏறினாள். கோமதி மட்டும் நின்ற இடத்தில் கைகூப்பி நின்றாள். பயத்தில் மரத்துவிட்டாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

பயமாவது ஒன்றாவது. தை மாதம், வெள்ளிக்கிழமை, மண்மேடு, அதன் பக்கத்தில் நாகம். எட்டு வருஷமாக ஏங்கினவளுக்கு வேறு என்ன தோன்றும்? தேடி வந்து காட்சி கொடுத்திருக்கிறது என்றுதான் தோன்றியது. நம் ஊரில் கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறும் என்பார்கள். இந்த நாட்டில் எறும்பே மேடு கட்டி, எறும்பே அதில் குடியிருக்கிறது. பாம்பு சும்மா அந்த வழியாகப் போனது. எறும்பு இருப்பது கோமதிக்கும் தெரியும், ரேஞ்சர் காட்டினாரே. ஊர்ப் புற்றில்கூடத்தான் எறும்பு ஊர்கிறது, சாமி இருக்கிற இடத்தில் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமையே ஊற்றலாமென்றால் எல்லாரும் விழித்திருந்தார்கள், காட்சி கொடுத்த சாமி ஒரு ராத்திரி பொறுக்காதா என்று இருந்துவிட்டாள். மறுநாள் காலை நன்றாக விடிந்த பிறகும் மற்றவர்கள் கூடாரத்துக்குள் புரண்டுகொண்டிருந்தார்கள். சந்திரா முந்தின வாரம் முழுவதும் இரவு ஷிஃப்ட் பார்த்தவள், அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். யோகா மட்டும் எழுந்து வெளியே வந்தது. கோமதி குளிர்ப்பெட்டியிலிருந்து பாலை ஒரு டம்ளரில் ஊற்றி, மஞ்சள்பொடி தூவி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கற்பூரம் எடுத்துப் போகவில்லை. நெருப்புக்குத் தடை என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, சட்டத்துக்குப் பயந்தாள். அந்தச் சட்டத்துக்குப் பயந்தவள் இன்னொன்றுக்கும் பயந்திருக்கலாம். மேட்டுக்குப் பத்தடி முன்னால் தன் செருப்பைக் கழற்றினாள். யோகாவின் சப்பாத்தையும் முடிச்சவிழ்த்துக் கழற்றி வைத்தாள்.

ரேஞ்சர் மாமா கழட்டக் கூடாது என்று சொன்னாரே என்று குழந்தை கேட்டிருக்கிறது. நாலு வயதுக் குழந்தை கேட்டிருக்கிறது!

“சாமி முன்னால செருப்புப் போடப்பிடாது தாயி” என்றாள் கோமதி. “பாலை மெல்ல ஊத்து. அன்ரிக்குப் பாப்பா வேணும்னு கேளு. ஆனா இதை யாருட்டயும் சொல்லப்பிடாது. சொன்னா பாப்பா வராது.”

யோகா பாலை ஊற்றியது. இரண்டு பேரும் மேட்டைச் சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் குழந்தை வீறிட்டது. கீழே பார்த்தால் தரையே துள்ளுகிறது. யோகாவின் பாதம், கணுக்கால், கோமதியின் புடவைக் கரை, எங்கும் எறும்பு. தூக்கிக்கொண்டு விலகினாள். தட்டிவிட்டாள். பிறகு செய்த காரியத்தை நினைத்துத்தான் அவள் பின்னாளில் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். ஓடியிருக்க வேண்டியவள், உட்கார்ந்து, மேட்டு மண்ணைக் கிள்ளி எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, குழந்தையின் காலில் பூசிக்கொண்டிருந்தாள். அம்மன் காப்பாத்துவா, அம்மன் காப்பாத்துவா என்று சொல்லிக்கொண்டே பூசினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தபோது உதடு இரண்டும் தடித்துக் கண் மூடியிருந்தது. மூச்சில் விசில் அடித்தது. அப்போதுதான் ஓடினாள்.

சந்திராவுக்குத் தொழில் அது. பார்த்த மாத்திரத்தில் என்ன என்று தெரிந்துவிட்டது. பிள்ளையை வாங்கிக்கொண்டு காரில் பாய்ந்தாள். நித்தி ஓட்டினார், கோமதி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், பாலகிருஷ்ணன் சாமான்களோடு அங்கேயே தங்கினார். மலைப்பாதை வளைந்து வளைந்து போகிறது, பின்சீட்டில் விசில் சத்தம் மெலிந்துகொண்டே வருகிறது. எங்கே கடித்தது, எப்படிக் கடித்தது என்று சந்திரா கத்திக் கேட்டாள்.

“தானாப் போயிருக்கா அக்கா. சத்தம் கேட்டு நான் ஓடினேன்” என்றாள் கோமதி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது என்று என்னிடம் சொன்னாள். நான் அதை நம்புகிறேன். ஆனால் வாயைத் திறந்து பொய் சொன்னவள், அதே வாயைத் திறந்து மறுநாள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே. 

அடிவாரத்துச் சிற்றூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது, முகத்தில் நிறம் திரும்பியது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, இனிமேல் இந்த எறும்பு மறுபடி கொட்டினால் இதைவிட மோசமாகும் என்று டாக்டர் சொன்னார். சந்திரா அங்கேயே, நர்சுகள் பார்க்க, கோமதியைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் தாய், நான் நித்திரை கொண்டுவிட்டேன், நீர்தான் ஓடிப் போய்த் தூக்கினீர் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்து வைத்தவளைப் பிள்ளையாராக்கிக் கும்பிட்டார்கள்.

சாமான்களை எடுக்கக் கூடாரத்துக்குத் திரும்பியபோது, பாலகிருஷ்ணனிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவர் மேட்டுப் பக்கம் போய், சப்பாத்தையும் டம்ளரையும் எடுத்து வந்து, டம்ளரைக் கழுவிப் பெட்டியில் வைத்தார். கோபப்படவில்லை. குழந்தைதான் பிழைத்துவிட்டதே, இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம், இத்தனை நல்ல சிநேகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த மனுஷர், பெண்டாட்டி எவ்வளவு தாங்குவாள் என்று யோசிக்கவில்லை.

கிளேட்டனுக்குத் திரும்பி இரண்டொரு நாளில், யோகா ஓடியாடத் தொடங்கியது. கோமதி ஒரு தூக்கில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு சந்திரா வீட்டுக்குப் போனாள். சமையலறையில் சந்திரா குழந்தையை முன்னால் நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்த்தவள், கை நீட்டாதவள், அன்றைக்கு அவள் கண் சிவந்திருந்தது.

“சப்பாத்தைக் கழட்டச் சொல்லி ஆர் சொன்னது?”

குழந்தை பேசவில்லை.

“அவ்வளவு சொல்லியும் ஏன் கழட்டினனீ? தனிய ஏன் போனனீ? வாயைத் திற பிள்ளை.”

யோகா கோமதியைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. சந்திரா அடித்தாள். தொடையில் ஒன்று, திரும்பக் கேட்டு இன்னொன்று, அதற்கும் பதிலில்லை என்று இன்னொன்று. இனிக் கழட்டுவியோ, கழட்டுவியோ என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். குழந்தை அழுதது, கோமதியைப் பார்த்துக்கொண்டே அழுதது, ஒரு சொல் சொல்லவில்லை. கோமதி தூக்கைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். உண்மை வாய் வரைக்கும் வந்ததாம். குழந்தையை இனிமேல் என்னிடம் விடமாட்டார்களே என்ற பயமும் கூடவே வந்ததாம். அடித்து ஓய்ந்து சந்திரா நாற்காலியில் உட்கார்ந்து அழுதபோது, இவள் போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தண்ணீர்!

அந்த வாரமெல்லாம் அந்த வெயிலில் கோமதி கணுக்காலுக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தாள். அவள் காலையும் எறும்பு பதம் பார்த்திருந்தது. எனக்கு அது தெரியாது. வெள்ளைக்காரி ஆகிவிட்டாயோ என்று கேலி பண்ணினேன். கால் குளிர்கிறது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம், நானும் சோற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

சித்திரையில் அவளுக்குத் தலை சுற்றியது. டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எட்டு வருஷத்துக்குப் பிறகு! நான் சர்க்கரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சந்தோஷமாக இல்லையா என்றால் இருக்கிறேன் அக்கா என்றாள். குரலில் ஒன்றுமில்லை. மசக்கை என்று நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்கே வேறு. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது, அதற்கு விலையாக யோகாவைத்தான் கேட்டது, ஏதோ மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தது. அடுத்தவள் பிள்ளையை வைத்து வாங்கின பிள்ளை இது. இப்படி நினைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்?

அவளை அந்தச் சமயத்தில் தாங்கியது யார்? வேறு யார், சந்திராதான். ஷிஃப்ட் முடித்த கையோடு கஞ்சி கொண்டு வருவாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவாள், அங்கே இங்கிலீஷில் கேட்க வேண்டியதைக் கேட்பாள். கால் வீங்கினால் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கோமதி இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளை இல்லை என்று அந்தப் பார்க்குக் கதையைச் சொல்வாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கோமதி ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து உள்ளே போய்விடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நாங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம், தன்னைப் புகழ்ந்தால் கூசுகிற குணம் என்று மெச்சினோம்.

யோகாவைச் சந்திரா வீட்டுக்குள்ளேகூடச் சப்பாத்து இல்லாமல் நடக்கவிடவில்லை. நம் வீடுகளில் யார் செருப்போடு உள்ளே வருவார்கள்? அந்தக் குழந்தை மட்டும் வரும். கோமதி வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, குனிந்து முடிச்சைப் பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே போகும். அதைப் பார்க்கிற நாளெல்லாம் கோமதி மெஷினில் ஊசியைத் தவறவிடுவாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் சிங்கப்பூரிலிருந்து கண்ணாடி வளையல் கொண்டு வந்தார். நான் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறினேன். சந்திரா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். யாழ்ப்பாணத்தில் இந்தச் சடங்கை இப்படிச் செய்வதில்லையாம், ஆனாலும் முதல் வளையல் நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்தாள். எங்கள் ஃப்ளாட்டில்தான் விசேஷம். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோமதி பட்டுப்புடவை கட்டி, கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் இருந்தாள். சந்திரா வளையலை எடுத்துக்கொண்டே, புதிதாக வந்த ஒருத்திக்காகப் பார்க்குக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

யோகா கோமதியின் முழங்காலில் கை வைத்து எம்பி, காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டது.

“அன்ரி, பேபி வந்திட்டுதுதானே. இப்ப அம்மாட்டச் சொல்லலாமோ?”

எல்லாரும் சிரித்தோம். குழந்தை ஏதோ விளையாட்டுக் கேட்கிறது என்று நினைத்தோம். சந்திராவும் சிரித்துக்கொண்டே என்ன ரகசியம் என்றாள். கோமதியும் சேர்ந்து சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். அந்த ஒரு விநாடி அவளுக்குக் கிடைத்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“அக்கா, யோகா அன்னைக்குத் தானாப் போகல” என்றாள். “நான்தான் புத்துக்குப் பால் ஊத்தக் கூட்டிட்டுப் போனேன். செருப்பைக் கழட்டச் சொன்னதும் நான்தான். யாருட்டயும் சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான்.”

வளையல் கோமதியின் விரல் முட்டியில் பாதி ஏறி நின்றது. சந்திரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி கையில் வளையலைப் பாதியில் விடக் கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, மெதுவாக அழுத்தி அதை மணிக்கட்டில் இறக்கினாள். அடுத்த கையிலும் ஒன்று போட்டாள். பிறகு எழுந்து என் சமையலறைக்குள் போனாள்.

நானும் பின்னால் போனேன், கோமதியும் வந்தாள். சந்திரா சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதி காலில் விழப் போனாள். அந்த வயிற்றோடு குனிய முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். என்னை அடியுங்க அக்கா என்றாள். சந்திரா திரும்பினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

“பால் வாத்ததுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்றாள். “பிள்ளை வேணுமெண்டால் ஆரும் எதையும் செய்வினம், நானும் செய்திருப்பன். காருக்குள்ள பயத்தில பொய் சொன்னீர், அதையும் விடுவம். ஆனா நான் என்ர பிள்ளைக்கு அடிக்கேக்க நீர் பக்கத்திலதானே நிண்டனீர். அவள் உம்மைப் பாத்துப் பாத்து அடி வாங்கினவள். நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர் கோமதி.”

  

சந்திரா வெளியே போய், கைப்பையை எடுத்து, யோகாவைக் கூப்பிட்டாள். அதைத் தூக்கிக் கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். தான் அடித்த தொடையைத் தடவித் தடவிக் கொடுத்தாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தோளுக்கு மேலாக எட்டிக் கோமதியைத்தான் பார்த்தது. முகமெல்லாம் பயம்.

“அன்ரி, நான் சொல்லேல்லை” என்றது. “நீங்கள்தானே சொன்னனீங்கள். பேபி போகாதுதானே?”